அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், குளிசை: வரங்கள் பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

ஆவிக்குரிய வரங்கள் பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று போன கிழமை சொன்னதுதான் தாமதம், கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, மன்னார் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர்களை வெட்டிவிட்டேன், நம்மூர் சின்னது, வாசிக்கிறவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வசனங்கள் இருக்கும் இடத்தைச் சொல்கிறேன், என் சொல்லை அப்படியே நம்பாமல் நீங்களே வேதத்தைத் திறந்து பாருங்கள்.

மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி: ஞானஸ்நானம் எடுத்துவிட்டேன், இன்னும் அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலால் தான் படிக்காத மொழியில் பேசுவது) வரவில்லை. முழு இரவு ஜெபத்தில் எல்லாரும் பேசும்போது நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். உனக்குள் ஏதோ பாவம் இருக்கிறது என்கிறார்கள். ‘அல்லேலூயா’வை வேகமாகச் சொல்லிக்கொண்டே இரு, நாக்குத் தானாகப் புரளும் என்று ஒரு அண்ணா சொல்லித் தந்தார். செய்து பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. நாக்கைப் பழக்கி எடுப்பது வரமில்லை, பயிற்சி. 1 கொரிந்தியர் 12:30இல் பவுல், “எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?” என்று கேட்கிறார். இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் அதைக் கேட்கிறார். அதே அதிகாரத்தின் 11ஆம் வசனத்தில் ஆவியானவர் தமது சித்தத்தின்படி பகிர்ந்துகொடுக்கிறார் என்று இருக்கிறது. அந்த அண்ணாவின் சித்தத்தின்படி என்று இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1906இல் லொஸ் ஏஞ்சலிசின் அசூசா தெருவில் தொடங்கிய எழுப்புதலுக்குப் பிறகு பரவிய பெந்தெகொஸ்தே சபைகளில் பலவும், ஆவியின் அபிஷேகத்துக்கு அந்நியபாஷைதான் முதல் அடையாளம் என்று போதிக்கின்றன. அப்போஸ்தலர் 2, 10, 19ஆம் அதிகாரங்களைக் காட்டுவார்கள். கொரிந்தியரில் இருப்பது சபைக்குள் பயன்படும் வரம், அப்போஸ்தலர் நடபடிகளில் இருப்பது அடையாளம், இரண்டும் வேறு என்பது அவர்களுடைய விளக்கம். எனக்கு அது முழுதாக ஒத்துவரவில்லை, ஆனாலும் மரியாதையோடு கேட்க வேண்டிய வாதம். ஆனால் பேசாதவனிடம் பாவம் இருக்கிறது என்று சொல்ல அந்தப் போதனையிலும் இடமில்லை. நீ ஜெபத்துக்குப் போ, தமிழிலேயே ஜெபி. அந்நியபாஷையில் பதினாயிரம் வார்த்தைகளைவிடச் சபையில் புரிகிற மாதிரி ஐந்து வார்த்தை பேசுவதே தனக்கு மேல் என்று பவுலே எழுதியிருக்கிறார் (1 கொரிந்தியர் 14:19).

கிளிநொச்சியிலிருந்து ஒரு அம்மா: 2009இல் பிரிந்த மகனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு ஊழியக்காரர், அவன் உயிரோடு ஒரு முகாமில் இருப்பதாகக் கர்த்தர் காட்டினார் என்றார். இன்னொருவர், வரும் கிறிஸ்மஸுக்குள் வீட்டுக்கு வருவான் என்றார். அந்தக் கிறிஸ்மஸ் போய்விட்டது. மூன்றாவது ஆள் எல்லாம் இருட்டாகத் தெரிகிறது என்கிறார். யாரை நம்புவது?

அம்மா, மூவரில் ஒருவரையும் நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும் என்று இல்லை. அவர்கள் சொன்னதை நம்பாவிட்டால் கர்த்தரையே நம்பாத மாதிரி ஆகிவிடும் என்ற பயம் உங்களுக்குள் இருந்தால், முதலில் அதை இறக்கி வையுங்கள்.

எரேமியா 28ஐ யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளை நினைத்து எருசலேம் அழுதுகொண்டிருந்த காலம் அது. அனனியா என்று ஒருவன் (அப்போஸ்தலரில் வருகிறவன் வேறு ஆள்) தேவாலயத்தில் எல்லாருக்கும் முன்னால் எழும்பி, இரண்டு வருஷத்துக்குள் போனவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள், கர்த்தர் சொல்கிறார் என்றான். கூட்டத்துக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! அதற்கு எரேமியா சொன்ன முதல் வார்த்தை “ஆமென்.” கர்த்தர் அப்படியே செய்யட்டும் என்றார். அவருக்கும் ஆசை இருந்தது. ஆனால் தன் ஆசையைக் கர்த்தருடைய வாக்கு என்று சொல்ல அவர் துணியவில்லை, சமாதானம் வரும் என்று சொல்கிறவனை அது நடந்த பிறகுதான் தீர்க்கதரிசி என்று அறியலாம் என்று மட்டும் சொன்னார். பாபிலோனுக்கு அடங்குவதற்கு அடையாளமாக அவருடைய கழுத்தில் கிடந்த நுகத்தை அனனியா எடுத்து உடைத்தபோதும் பேசாமல் தன் வழியே போய்விட்டார். பிறகு கர்த்தருடைய வார்த்தை வந்தபோதுதான் திரும்பிவந்து, இந்த ஜனத்தைப் பொய்யை நம்பப் பண்ணினாய் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அனனியா சொன்னது நடக்கவில்லை. 29ஆம் அதிகாரத்தில் எரேமியா அனுப்பிய கடிதத்தில் இருப்பது எழுபது வருஷக் கணக்கு.

உங்கள் மகன் வரவேண்டும் என்பதற்கு நானும் ஆமென் சொல்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரிக் கதைக்கவும் மாட்டேன். இனி யாராவது வந்து கர்த்தர் காட்டினார் என்றால், உங்கள் பாஸ்டருக்கு முன்னால் திகதி போட்டு எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். கனபேருக்கு அப்போதே தரிசனம் மங்கிவிடும். இது குறும்பில்லை, தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்று 1 கொரிந்தியர் 14:29 சொல்கிறது. அவர்கள் பேச்சைக் கேட்டு மகனைத் தேடும் கோவையை மூடவும் வேண்டாம், தேடுவதை நிறுத்தவும் வேண்டாம்.

இதை வாசிக்கும் ஊழியக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தீர்க்கதரிசனம் பக்திவிருத்திக்கும் புத்திக்கும் ஆறுதலுக்கும் என்று 14:3 சொல்கிறது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் காணாமல்போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார்களே, நம்மில் எத்தனை பேர் அங்கே போய் ஒரு பின்னேரமாவது பக்கத்தில் இருந்தோம்? மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மட்டும் அந்த அம்மாக்களின் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதற்கு உங்களுக்கு உரிமை தந்தது யார்?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அக்கா: குழுக்கடன் கிழமைக்குக் கிழமை கட்டிக்கொண்டிருக்கிறேன். விதைக்காணிக்கை (பல மடங்காகத் திரும்பக் கிடைக்கும் என்று நம்பிக் கொடுக்கிற காசு) போட்டால் கடன் உடையும் என்று வரம் பெற்ற ஒருவர் சொன்னார். இன்னொரு கடன் எடுத்துப் போடலாமா?

ஐயோ, வேண்டவே வேண்டாம் அக்கா. 2 கொரிந்தியர் 8:12இல் காணிக்கை அவனவனுக்கு உள்ளதின்படி என்று இருக்கிறது, இல்லாததின்படி அல்ல. வட்டிக்கு எடுத்த காசு உங்களுக்கு உள்ளது இல்லை. சமாரியாவில் சீமோன் வரத்தைக் காசுக்குக் கேட்டபோது, உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது என்று பேதுரு ஏசினார் (அப்போஸ்தலர் 8:20). அங்கே வாங்க வந்தவனுக்கே அந்த ஏச்சு. விற்க வருகிறவருக்குப் பேதுரு என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே யோசியுங்கள். அந்தக் காசைக் கடன் தவணைக்குக் கட்டுங்கள்.

ஒரு தங்கச்சி: நான் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறேன், ஞாயிறு மட்டும்தான் லீவு. எனக்குப் பாடவும் வராது, பேசவும் வராது. எனக்கென்று வரமே இல்லையா?

தையல்காரருக்கு என்றே வசனம் இருக்கிறது, தங்கச்சி. யாத்திராகமம் 28:3இல் ஆரோனுக்கு உடை தைக்கிறவர்களைக் கர்த்தர் ஞானத்தின் ஆவியினால் நிரப்பினார். 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பினது பிரசங்கிக்க இல்லை, பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்ய. யோப்பாவில் தொற்காள் செத்தபோது விதவைகள் அழுதுகொண்டு பேதுருவுக்குக் காட்டியது அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளைத்தான் (அப்போஸ்தலர் 9:39). ரோமர் 12இல் உதவி செய்கிறதும் இரங்குகிறதும் பகிர்ந்துகொடுக்கிறதும் தீர்க்கதரிசனத்தோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. நம் சபைகள்தான் மேடையில் தெரிவதை மட்டும் வரம் என்று எண்ணப் பழகிவிட்டன.

உன் வரம் எது என்று கண்டுபிடிக்கக் கேள்வித்தாள் நிரப்பச் சொல்வார்கள். நிரப்பிப் பார், பாதகமில்லை. ஆனால் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஓடினாலும் அது வயலுக்கு என்று வந்தது, வரமும் அப்படித்தான். ஆகவே உன்னால் யாருக்கு ஆறுதலோ உதவியோ போகிறது, எந்த வேலைக்கு உன்னைத் தேடி வருகிறார்கள் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மீதியை உன்னை அறிந்த மூத்தவர்களிடம் கேள். ஞாயிற்றுக்கிழமை நித்திரை கொள்ளவும் வேண்டும், அதையும் விட்டுவிடாதே.

வவுனியாவிலிருந்து ஒரு அண்ணா: அப்பாவுக்குச் சீனி வருத்தம். குணமாக்கும் கூட்டத்துக்குப் போய்வந்த நாளிலிருந்து மெற்போமின் குளிசையைப் போடமாட்டேன், அது அவிசுவாசம் என்கிறார். என்ன செய்வது?

உடனே கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், இதை முழுதாக வாசித்து முடிக்கும்வரைக்கும் பார்த்திருக்க வேண்டாம். சீனி ஏறுவது ஆளுக்குத் தெரியாமலே நடக்கும், காலில் புண் வந்து, கண் மங்கின பிறகு தெரிந்து பயனில்லை.

அப்பாவுக்கு வேதத்திலிருந்தே சொல்லுங்கள். கர்த்தர் குணமாக்குகிறார், நானும் நம்புகிறேன். ஆனால் குணமாக்கும் வரம் இருந்த பவுல் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவிட்டுப் போனார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கைமருந்துதான் சொன்னார். கூடவே பயணம் செய்த லூக்கா, பவுலின் வாயாலேயே ‘பிரியமான வைத்தியன்’. இயேசு பத்துக் குஷ்டரோகிகளையும் ஆசாரியரிடம் போய்க் காட்டச் சொன்னார். சுகம் கிடைத்திருந்தால் இரத்தப் பரிசோதனையில் தெரியும், குளிசையைக் குறைக்கிற வேலையை டொக்டர் செய்வார். மருந்தை நிறுத்து என்று மேடையிலிருந்து சொல்கிறவருக்கு அதைச் சொல்லும் தகுதி கிடையாது.

மன்னாரிலிருந்து ஒரு கத்தோலிக்கச் சகோதரி: உறுதிப்பூசுதலில் நாங்கள் படித்த ஏழு கொடைகளும் நீங்கள் சொல்லும் வரங்களும் ஒன்றா?

ஒன்றில்லை. உங்கள் ஏழும் ஏசாயா 11இலிருந்து வருகின்றன, ஞானம், புத்தி, ஆலோசனை, திடன் என்று போகும். அவை ஆளை உள்ளே திருத்துவதற்கு. கொரிந்தியர் சொல்லும் வரங்கள் மற்றவர்களுக்குப் பணி செய்ய. அவற்றையும் உங்கள் திருச்சபை ஏற்றுக்கொள்கிறது. ஆவியார் எல்லா நிலையிலுமுள்ள விசுவாசிகளுக்கும் தனிப்பட்ட அருள்களைப் பகிர்ந்தளிக்கிறார் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் 12ஆம் பகுதி சொல்கிறது. பங்குத்தந்தையிடம் கேட்டால் வடிவாக விளங்கப்படுத்துவார்.

பலரும் கேட்டது: ஆளுடைய நடத்தை சரியில்லை, ஆனால் அவர் ஜெபித்தால் நடக்கிறது. எப்படி?

கொரிந்து சபையில் ஒரு வரத்துக்கும் குறைவில்லை (1 கொரிந்தியர் 1:7). ஆனால் கட்சி கட்டினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், இராப்போஜனத்தில் ஏழையைப் பட்டினி போட்டார்கள். வரம் ஒருவருடைய நற்சான்றுப் பத்திரம் இல்லை. உம்முடைய நாமத்தினாலே பிசாசுகளைத் துரத்தினோமே என்று வருகிறவர்களிடம் ‘உங்களை அறியவில்லை’ என்று இயேசு சொல்வார் (மத்தேயு 7:22-23). ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் கலாத்தியர் 5இல் உள்ள கனியைப் பாருங்கள், அதுவும் கூட்டத்தில் இல்லை, அவருடைய வீட்டில், காசுக் கணக்கில், பெண்களோடு பழகும் விதத்தில். அந்த இடங்களில் பிழை என்றால் நடந்த அற்புதத்துக்காகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம்.

ஒரு ஐயா: அப்போஸ்தலர் காலத்தோடு வரங்கள் நின்றுவிட்டன என்று எங்கள் சபையில் படித்தோம்.

1 கொரிந்தியர் 13:8-10ஐ வைத்து அப்படிச் சொல்வார்கள் ஐயா. அங்கே ‘நிறைவானது’ வரும்போது ஒழியும் என்று இருக்கிறது, 12ஆம் வசனம் அதை முகமுகமாய்ப் பார்க்கும் நாளோடு சேர்க்கிறது. அந்த நாள் இன்னும் வரவில்லை என்பது என் வாசிப்பு. சண்டை போடுமளவுக்கு இல்லை.

முல்லைத்தீவிலிருந்து ஒருவர்: நான் சைவம். பக்கத்துக் காணியில் தகரக் கொட்டிலில் ஜெபம் நடக்கிறது. சாமத்திலும் ஸ்பீக்கர் பொக்ஸ். மகள் ஏ.எல். எடுக்கிறாள். கேட்டால் ஆவியானவர் இறங்கும்போது அடக்க முடியாது என்கிறார்கள். உண்மையா?

உண்மை இல்லை. தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறது என்று 1 கொரிந்தியர் 14:32 சொல்கிறது. அதே அதிகாரத்தில், வெளியிலிருந்து வருகிறவர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டால் உங்களுக்குப் பைத்தியம் என்று சொல்லமாட்டார்களா என்றும் கேட்கிறது. உங்களை மாதிரி ஆட்களை நினைத்துத்தான் பவுல் அதை எழுதினார். பகலில், கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, மகளின் பரீட்சைத் திகதிகளை எழுதிக்கொண்டு பாஸ்டரிடம் நேரே போங்கள். ஸ்பீக்கரை உள்பக்கம் திருப்பி வைக்கவும் இரவு ஒன்பதுக்கு நிறுத்தவும் கேளுங்கள், இந்த 14ஆம் அதிகாரத்தையும் காட்டுங்கள். கேட்கவில்லையென்றால் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள், அதில் ஒரு பிழையும் இல்லை. மகளுக்கு என் வாழ்த்து.