பொறியியல் சேரப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் இருபது வருடம் இருந்தவன் நான். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், தெருவில் யாராவது கையைப் பிடித்துச் சந்தேகம் கேட்பார்கள். இந்த வருடம் வந்த கேள்விகளில் சில:

சார், கணக்கு 92, இயற்பியல் 84, வேதியியல் 88. கட் ஆஃப் எவ்வளவு?

178. கணக்கு முழுசாக, மற்ற இரண்டும் பாதி பாதி. மொத்தம் 200க்கு இதுதான் உங்கள் கட் ஆஃப் மதிப்பெண்.

அண்ணன் பாலிடெக்னிக் முடித்திருக்கிறான். எனக்கு முதல் பட்டதாரி சான்று கிடைக்குமா?

கிடைக்கும் தம்பி. டிப்ளமோ பட்டம் ஆகாது. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாரும் டிகிரி வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். இ-சேவை மையத்தில் இன்றைக்கே விண்ணப்பித்துவிடு. கடைசி வாரத்தில் தாலுகா ஆபீஸில் கூட்டம் தாங்காது. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இந்தச் சான்றுக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை, கவுன்சிலிங்கில், அதாவது அரசு நடத்தும் பொதுச் சேர்க்கையில் வாங்கும் சீட்டுக்குத்தான், அதுவும் டியூஷன் ஃபீஸில் மட்டும்தான். கல்லூரியே நேரடியாகக் கொடுக்கும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்தச் சான்றை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

கவுன்சிலிங்கில் கல்லூரி, பாடப்பிரிவு சாய்ஸ் எத்தனை கொடுக்கலாம்? 'அப்வர்ட்' போட்டால் நல்லதா ஐயா?

எத்தனை வேண்டுமானாலும் கொடுங்கள், காசா பணமா. பத்தோடு நிறுத்திவிட்டு எதுவும் கிடைக்காமல் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வரிசைதான் உயிர். "இது நமக்குக் கிடைக்காது" என்று நல்ல கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள். உங்கள் கட் ஆஃபுக்கு அது எட்டாவிட்டால் கம்ப்யூட்டர் தானாக அடுத்ததற்குப் போய்விடும்.

அப்வர்ட் என்பது வேறு விளையாட்டு. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே இருப்பது காலியானால் போகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. காலியானால் உங்களை அங்கே நகர்த்திவிடுவார்கள், பழைய இடம் கையை விட்டுப் போய்விடும். திரும்பக் கேட்டால் வராது. எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் யாரோ சொன்னார்கள் என்று தூரத்து ஊர்க் கல்லூரி ஒன்றை மேலே வைத்திருந்தான். வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்ததை விட்டுவிட்டு நாலு வருடம் ஹாஸ்டலில் கிடந்தான். அதனால் மனசார வேண்டும் என்கிற கல்லூரிகளை மட்டும் மேலே வையுங்கள். இல்லையென்றால் 'ஏற்றுக்கொண்டு சேர்கிறேன்' என்று கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ் எல்லாவற்றையும் கல்லூரி கேட்கிறது. கொடுக்கலாமா சார்?

மாற்றுச் சான்றிதழ் கொடுத்துத்தான் ஆக வேண்டும் அம்மா. மற்றதைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் வைத்துக்கொள்கிற இடங்கள் உண்டு; நானே அப்படிப்பட்ட பீரோவுக்குச் சாவி வைத்திருந்தவன். எதைக் கொடுத்தாலும் முத்திரையோடு ரசீது வாங்குங்கள். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள்.

ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டால் டியூஷன் மட்டும் சொல்கிறார்கள். மொத்தம் எப்படித் தெரிந்துகொள்வது?

அலுவலகத்தில் கேட்காதீர்கள், அங்கே படிக்கும் இரண்டாம் வருடப் பையனிடம் கேளுங்கள். தேர்வுக் கட்டணம், வேலைவாய்ப்புப் பயிற்சி, பஸ், ஹாஸ்டல், சீருடை என்று அவன் விரல் விட்டு எண்ணிச் சொல்வான். வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால் இந்த மொத்தத்தையும் கல்லூரி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்க மாட்டார்கள்.

அரசுப் பள்ளியில் படித்தேன். அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் எனக்கு உண்டா?

ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். வங்கிக் கணக்கில் ஆதாரை இணைத்துவிடு. அப்புறம், கவுன்சிலிங்கில் உனக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. அதில் சீட் கிடைத்தால் டியூஷனும் ஹாஸ்டலும் அரசே கட்டும். ஆயிரத்தைக் கேட்டுவிட்டு இதை விட்டுவிடாதே.

சாயங்காலம் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாமா அண்ணா?

போகலாம். ஆனால் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் வருகை 75 சதவீதம் வேண்டும். உடம்பு சரியில்லை என்று மருத்துவச் சான்று கொடுத்தால் 65 வரை பார்ப்பார்கள், அதற்குக் கீழே தேர்வு எழுத விட மாட்டார்கள். முதல் செமஸ்டரில் வேலை வேண்டாம். கணக்குப் பேப்பரில் அரியர் விழுவது அங்கேதான்.