பெர்லினில் ஒரு தனிக் கல்

கேள்வி: பெர்லின் போய் வந்த நண்பர், அங்கே யூதர்களின் இடுகாடு ஒன்றில் முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காக இறந்த யூத வீரர்களுக்கென்றே ஒரு நினைவுச்சின்னம் பார்த்ததாகச் சொன்னார். செத்த பிறகும் மதவாரிப் பிரிவினை எதற்கு? வீரர் என்றால் எல்லோரும் வீரர்தானே, இவர்கள் ஏன் தங்களைத் தனியாகக் காட்டிக்கொள்ள வேண்டும்?
– ஒரு வாசகர்

பதில்: கேட்க வேண்டியவரை விட்டுவிட்டு அடிபட்டவரிடம் போய்க் கேட்கிறீர்கள். பிரித்தது யார் என்று முதலில் பாருங்கள்.

நண்பர் பார்த்தது வைசன்ஸே இடுகாடாகத்தான் இருக்க வேண்டும். அங்குள்ள நினைவுச்சின்னம் 1927-ல் திறக்கப்பட்டது. ஆனால் கதை அதற்கு முன்னாலேயே தொடங்குகிறது. 1885-க்குப் பிறகு போர் வரும்வரை, ஜெர்மன் ராணுவத்தின் பெரும்பகுதியான பிரஷ்யப் படையில் மதம் மாறாத யூதர் ஒருவர்கூட ரிசர்வ் அதிகாரியாக முடிந்ததில்லை. அப்படி வாசலிலேயே நிறுத்தி வைத்த நாட்டுக்காக 1914-ல் அவர்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தார்கள். லுட்விக் ஃபிராங்க் என்ற சமூக ஜனநாயகக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினரை எடுத்துக்கொள்ளுங்கள். போருக்கு முன்பு பிரான்சோடு சமாதானம் வேண்டும் என்று உழைத்தவர், வயது 40, யாரும் கட்டாயப்படுத்தாமலே படையில் சேர்ந்து, செப்டம்பர் 3 அன்று பிரான்ஸ் மண்ணில் சுடப்பட்டு இறந்தார். போர் தொடங்கி ஐந்து வாரம்கூட முழுதாக ஆகவில்லை. மொத்தத்தில் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் ஜெர்மன் சீருடை அணிந்தார்கள், சுமார் 12,000 பேர் திரும்பவில்லை. நாடு முழுக்க யூதர்களே ஐந்தரை லட்சம் பேர்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

சரி, இவர்கள் செத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் என்ன பேச்சு நடந்தது தெரியுமா? யூதன் போர்முனைக்குப் போகாமல் ஒளிந்துகொள்கிறான், அலுவலகத்தில் உட்கார்ந்து சம்பாதிக்கிறான் என்று. அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்து, 1916 அக்டோபரில் போர் அமைச்சகமே படையில் யூதர்களை மட்டும் தனியாக எண்ணச் சொல்லி உத்தரவு போட்டது. பதுங்குகுழியில் பக்கத்தில் நிற்பவனை விட்டுவிட்டு உன்னை மட்டும் ஒருவர் வந்து எண்ணிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அதைவிடக் கொடுமை, எண்ணி முடித்த கணக்கைப் போர் முடியும்வரை வெளியிடவே இல்லை. வெளியிட்டிருந்தால் பொய் உடைந்திருக்கும், வெளியிடாததால் சந்தேகம் மட்டும் நிலைத்துவிட்டது. நீங்கள் சொல்லும் மதவாரிப் பிரிவினை இதுதான். அதை அரசு செய்தது.

அப்புறம் தோல்வி வந்தது, பழி யார் தலையில் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. லியோ லோவென்ஷ்டைன் என்ற கேப்டன் 1919-ல் யூத முன்னாள் வீரர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கம் 1920-ல் ஒரு துண்டறிக்கை போட்டது, ஜெர்மன் தாய்மார்களுக்கு. 12,000 யூதர்கள் களத்தில் விழுந்திருக்கிறார்கள், ஒரு யூதத் தாயின் துக்கத்தை யாரும் ஏளனம் செய்ய விடாதீர்கள் என்று அதில் கேட்டுக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், என் பிள்ளை செத்தது நிஜம் என்று ஊருக்கு நிரூபிக்க வேண்டிய நிலை. எனக்கு இந்த வரலாற்றில் வேறெதையும்விட இதுதான் தாங்கவில்லை.

வைசன்ஸே கல் இதற்கெல்லாம் நடுவில் எழுந்தது. சுற்றிலும் கிட்டத்தட்ட 400 வீரர்களின் கல்லறைகள். போரில் இறந்தவர்களின் பட்டியலையும் 1932-ல் அதே சங்கம் புத்தகமாக அச்சிட்டது; பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், ஊர் ஊராக, யார் எந்தப் படைப்பிரிவு, என்றைக்கு இறந்தார் என்று. யாரும் பொய் என்று சொல்லிவிடக் கூடாதே என்ற கவலை அதில் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஒரு பிரதியைக் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கிடமும் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டே ஹிட்லர். யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம் 1933 ஏப்ரலில் வந்தபோது, ஹிண்டன்பர்க் கேட்டுக்கொண்டதால் போர்முனையில் நின்றவர்களுக்கு விலக்கு கிடைத்தது. 1935-ல் அதுவும் போனது. முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்த ஹிட்லருக்கு முதல் வகுப்பு இரும்புச் சிலுவைப் பதக்கம் கிடைக்கப் பரிந்துரைத்த ஹூகோ குட்மன் ஒரு யூத அதிகாரி, அவரே நாட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. 1942 ஜனவரியில், யூதர்களை அழிக்கத் திட்டமிட நாஜி அதிகாரிகள் கூடிய வான்சே கூட்டத்தில் வயதானவர்களையும், போரில் ஊனமுற்றவர்கள், பதக்கம் பெற்றவர்களையும் டெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்புவது என்று முடிவெடுத்தார்கள். சங்கம் தொடங்கிய லோவென்ஷ்டைனும் அங்கே போனார், எப்படியோ உயிர் பிழைத்தார். வைசன்ஸே நினைவுச்சின்னத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் அலெக்சாண்டர் பேயர் பிழைக்கவில்லை. 1944-ல் அங்கேயே இறந்தார்.

எல்லோரும் ஒன்றாகக் கிடக்கும் இடத்தையும் பார்க்க ஆசை என்றால் பிரான்சில் உள்ள ஜெர்மன் போர்க் கல்லறைகளுக்குப் போகலாம். சிலுவை வரிசைக்கு நடுவிலேயே தாவீதின் நட்சத்திரம் பொறித்த கல் நிற்கும், அதே வரிசையில், அதே இடைவெளியில்.

பெர்லின் போனால் வைசன்ஸேவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். சனிக்கிழமை மூடியிருக்கும், ஆண்கள் தலையை மூடிக்கொண்டு போக வேண்டும். பூ வேண்டாம், யூதர் வழக்கப்படி ஒரு பொடிக்கல்லை எடுத்து வைத்தால் போதும்.