விண்மீன் மண்டலங்களைச் சூழ்ந்த சூடான வாயு: பெங்களூரு வாசகர்களுக்குப் பதில்கள்

அல்சூர் வாசகர்: ஐயா, பல லட்சம் டிகிரி வெப்பமுள்ள வாயு, நுண்ணலைப் படத்தில் குளிர்ந்த இடமாகத் தெரிவது எப்படி?

பதில்: பெருவெடிப்பில் இருந்து எஞ்சி வானெங்கும் நிறைந்திருக்கும் ஒளியான, 2.725 கெல்வின் வெப்பநிலையுள்ள அண்ட நுண்ணலைப் பின்னணியின் ஒளித்துகள்களில் மிகச் சில, வழியிலுள்ள சூடான வாயுவின் எலக்ட்ரான்களில் மோதி, கூடுதல் ஆற்றலுடன் வெளியேறுகின்றன. அவை உயர் அதிர்வெண்ணுக்கு நகர்ந்துவிடுவதால், ஏறத்தாழ 217 கிகாஹெர்ட்சுக்குக் கீழே ஒளி குறைந்தும் (அதுவே குளிர்ந்த இடமாகத் தெரிகிறது) அதற்கு மேலே கூடியும் தெரியும். சோவியத் இயற்பியலாளர்கள் சுன்யாயெவும் செல்டோவிச்சும் கணித்த விளைவு இது. ஒரே அதிர்வெண்ணில் எடுத்த படத்தைக் கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஜெயநகர் மாணவி: எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள் போதாதா?

பதில்: போதா. எக்ஸ் கதிர் ஒளிர்வு அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே நெருக்கமான நடுப்பகுதி பளிச்சிடும், பரந்து மெலிந்த வெளிப்பகுதி மறைந்துபோகும். சுன்யாயெவ்-செல்டோவிச் விளைவோ வாயுவின் அழுத்தத்தைப் பொறுத்தது என்பதால், மெலிந்த வாயுவும் அதில் தன் பங்கைச் செலுத்துகிறது. பேரண்டத்தின் மொத்தப் பொருளில், அணுக்களால் ஆன சாதாரணப் பொருள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஆனால் பால்வீதி போன்ற மண்டலங்களின் விண்மீன்களையும் குளிர்ந்த வாயுவையும் கூட்டினால், அந்தப் பங்கின் பெரும்பகுதி கணக்கில் வருவதில்லை. அது மண்டலத்தைச் சூழ்ந்து நிற்கிறதா, வெடித்த விண்மீன்களாலும் கருந்துளைகளாலும் வெளியே தள்ளப்பட்டதா என்பதுதான் இத்துறையில் என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி.

இந்திராநகர் வாசகர்: அருகிலுள்ள மண்டலங்களையே ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பதில்: 3 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மண்டலத்தின் வாயு, எல்லாப் பக்கமும் 8 லட்சம் ஒளியாண்டு பரவியிருந்தால், வானில் அதன் அகலம் சுமார் 3 டிகிரி, ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்த அளவு. ஆகவே உள்ளிருந்து வெளியே அழுத்தம் எப்படிக் குறைகிறது என்று பார்க்க இடம் கிடைக்கிறது. ஆனால் அதே கோண அளவில் பின்னணியின் சொந்த ஏற்றத்தாழ்வுகள் வலுவாக இருப்பதால், நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் விண்கலம் 30 முதல் 857 கிகாஹெர்ட்ஸ் வரை ஒன்பது அதிர்வெண் பட்டைகளில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, பல மண்டலங்களின் சமிக்ஞையைச் சேர்த்துத்தான் இதைத் தேட முடியும். பால்வீதியின் தூசியைக் கழிக்காத எந்தப் படத்தையும் நம்பாதீர்கள்.

மல்லேஸ்வரம் வாசகர்: சூடானது எப்படிக் குளிர்ச்சியாகத் தெரியும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

அல்சூர் வாசகர் மீண்டும்: அருகிலுள்ள சுருள் மண்டலங்களைச் சுற்றிப் பின்னணி குளிர்ந்திருப்பதாக 2023இல் ஆய்வு வந்ததே, அதுவும் இந்த வாயுதானே?

இந்திராநகர் வாசகர்: இல்லை, அது தற்செயல்.

பதில்: இருவரும் அவசரப்படுகிறீர்கள். அங்கே சொல்லப்பட்ட குளிர்ச்சி, இந்த வாயு தரக்கூடிய அளவைவிட மிகப் பெரியது; ஆகவே வாயு என்ற விளக்கம் பொருந்தாது. வானில் அருகருகே நெருங்கியிருக்கும் மண்டலங்களைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணினால் உறுதி மிகைப்படும் என்பதால், தற்செயல் என்ற ஐயத்துக்கும் இடமுண்டு. ஆனால் அதை மெய்ப்பிக்க, வானின் வேறு பகுதிகளில் அதே கணக்கைச் செய்து காட்ட வேண்டும்.

மல்லேஸ்வரம் வாசகர்: வீட்டுத் தொலைநோக்கியில் இந்த வாயு தெரியுமா?

பதில்: தெரியாது. தொலைநோக்கியில் பார்க்க விரும்பினால் நேரு கோளரங்கத்தில் விசாரியுங்கள்.