1500டி-யை விட்டு ஃபுல் ஃப்ரேமுக்கு மாறலாமா?

நீங்கள் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது: கையில் கேனான் 1500டி, கிட் லென்ஸ் 18-55, கூடவே ஒரு 55-250. அக்கா மகளின் பரதநாட்டியப் படங்கள் புள்ளி புள்ளியாகவும் கலங்கலாகவும் வருகின்றன. சீசனில் வேடந்தாங்கலுக்கும் போகிறீர்கள். அதனால் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமராவான கேனான் ஆர்8 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) மேல் கண்.

நாட்டியத்துக்காக என்றால் இப்போதைக்கு வேண்டாம். இதில் நான் சூடுபட்டவன். 1500டி-தான் என்னிடமும் இருந்தது. மேடைப் படம் சரியாக வரவில்லை என்று செகண்ட் ஹேண்டில் ஒரு 80டி வாங்கி, அதே கிட் லென்ஸை மாட்டிக்கொண்டு சபாவுக்குப் போனேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால் அதே புள்ளிகள், அதே கலங்கல். இரண்டுமே ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார், இரண்டுமே 24 மெகாபிக்சல். பணம் கொடுப்பதற்கு முன்பு இது உறைத்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் கெட்டுப்போன படங்களின் விவரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 55 எம்எம்மில் கிட் லென்ஸ் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறியதாக ஆக, லென்ஸ் அகலமாகத் திறக்கும்). ஒளியுணர்வுக்கான ஐஎஸ்ஓ-வை 6400 வரை ஏற்றியும் ஷட்டர் 1/40 நொடிதான். அதற்குள் ஆடுகிற பிள்ளையின் கை எங்கேயோ போய்விடும். 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். 1/40 இருந்த இடத்தில் 1/400 கிடைக்கும். ஃபுல் ஃப்ரேம் சென்சாரோ உங்கள் சென்சாரைவிடப் பரப்பில் இரண்டரை மடங்குதான் பெரியது. லென்ஸ் பத்தாயிரம் ரூபாய் வாக்கில் வரும், அந்த பாடி லட்சத்தைத் தாண்டும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒன்று, 1.8-இல் கண் கூர்மையாக இருந்தால் நீட்டிய கை மங்கிவிடும். முத்திரை தெரியாத படத்தைக் காட்டினால் நாட்டிய டீச்சரிடம் திட்டு நிச்சயம். நான் பெரும்பாலும் 2.2-இல் வைப்பேன்.

பறவைகள் விஷயம் வேறு. சபாவில் கைவிட்ட அதே 80டி, வேடந்தாங்கலில் காசுக்கு உழைத்தது. 1500டி-யில் ஃபோகஸ் புள்ளிகள் 9, நொடிக்கு 3 படம். 80டி-யில் 45 புள்ளிகள், நொடிக்கு 7 படம். கூழைக்கடா தண்ணீரில் இறங்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அங்கே பாடியை மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கும் ஆர்8 வேண்டாம் என்பேன். பறவையின் கண்ணைத் தேடிப் பிடிப்பதில் அது கெட்டிதான். ஆனால் உங்கள் 55-250 ஏபிஎஸ்-சி-க்கென்று செய்தது. அடாப்டர் (இணைப்பு வளையம்) போட்டு ஆர்8-இல் மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதி மட்டும் வேலை செய்து, 24 மெகாபிக்சல் 9 சொச்சமாகச் சுருங்கும். பறவைதான் முக்கியம் என்றால் காசு சேர்த்து ஆர்7 பாருங்கள். அதுவும் ஏபிஎஸ்-சி, 32.5 மெகாபிக்சல். உங்கள் லென்ஸின் எட்டம் குறையாது.

இப்போதைக்கு 50 எம்எம் ஒன்றை வாங்கிக்கொண்டு அடுத்த நிகழ்ச்சிக்குக் கொஞ்சம் சீக்கிரமாகப் போய்விடுங்கள். அதில் ஜூம் கிடையாது. முன்வரிசையில் ஓரத்து நாற்காலியைப் பிடியுங்கள், நடுவில் உட்கார்ந்து கேமராவைத் தூக்கினால் பின்னால் இருக்கும் மாமிகள் சும்மா விடமாட்டார்கள்.