லாகரை மாற்றினால் எல்லா ஃபைலையும் தொடணுமா?

கேள்வி: எங்கள் நோட்.ஜேஎஸ் சர்வரில் வின்ஸ்டன் என்ற லாகர் (சர்வரில் நடப்பதைப் பதிவுசெய்யும் லைப்ரரி) இருக்கிறது. இன்னொரு லாகரான பினோவுக்கு மாற எல்லா ஃபைலையும் திருத்த வேண்டுமா?

பதில்: ஒரு தடவை திருத்தத்தான் வேண்டும். ஆனால் நேரே பினோவுக்குப் போகாதீர்கள். நடுவில் ஒரு ராப்பர் (லாகரை உள்ளே மறைத்து வைக்கும் நம் சொந்த ஃபைல்) வைத்து, மற்ற ஃபைல்கள் அதை மட்டும் இம்போர்ட் செய்யட்டும்.

நான் அடித்துச் சொல்வது வரிசையைப் பற்றித்தான். லாகரைக் கூப்பிடும்போது வின்ஸ்டனில் செய்தி முதலில், ஆர்டர் எண் போன்ற விவரங்கள் உள்ள ஆப்ஜெக்ட் பின்னால். பினோவில் ஆப்ஜெக்ட்தான் முதலில். மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் எரர் வராது; ஆர்டர் எண் மட்டும் லாகில் இருக்காது. நடுராத்திரியில் பேமென்ட் சிக்கலைத் தேடுபவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

அப்புறம், பினோவில் ஃபேட்டல் என்ற லெவல் (செய்தி எவ்வளவு தீவிரம் என்று காட்டும் தரம்) உண்டு, எண் 60. வின்ஸ்டனின் வழக்கமான லெவல்களில் அது கிடையாது. ராப்பருக்குப் பின்னால் வின்ஸ்டன் இருக்கும்வரை, ராப்பர் அதை எரர் லெவலாக மாற்றி அனுப்பட்டும். டெஸ்டுக்கு, எதையும் எழுதாத லாகர் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.