சென்னையின் பழைய தெருப் புகைப்படங்களிலிருந்து நகரத்தின் கடந்த காலத்தைத் தெரிந்துகொள்வது எப்படி?

பழைய சென்னைப் படம் கையில் கிடைத்தால் நம் கண் நேராகப் பெரிய கட்டடத்துக்குத்தான் போகும். நான் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். முதலில் பார்ப்பது ஓரங்களை: தரையில் தண்டவாளம் இருக்கிறதா, வண்டியில் என்ன எண் எழுதியிருக்கிறது, கடைப் பலகையில் என்ன மொழி, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது. இந்தப் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியது எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்த, உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.

மவுண்ட் ரோடு ரவுண்டானா அருகே அப்பா நிற்கிறார். வெள்ளைச் சட்டை, வேட்டி, வாரிய தலை. "வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய அன்று எடுத்தது, 1961" என்பார். எடுத்தவர் உடன் வேலை பார்த்த நண்பர் என்பதுதான் நாங்கள் கேட்டு வளர்ந்த கதை. ரவுண்டானாவில் அண்ணா சிலை வந்தது 1968 ஜனவரியில், உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி. படத்தில் சிலை இல்லை. ஆக, 1961 பொருந்துகிறது என்று நானும் நம்பியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். அப்பாவின் தோளுக்குப் பின்னால், சாலையின் தொலைவில், ஓர் உயரமான கட்டடம். அதன் மேல் தளங்களைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கிறது! அது எல்.ஐ.சி. கட்டடம். தனியார் காப்பீட்டு நிறுவனம் ஒன்று 1953-இல் தொடங்கிய கட்டுமானம் அது. 1956-இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானதால் எல்.ஐ.சி.யின் கைக்கு வந்து, 1959 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. திறந்து இரண்டு ஆண்டு கழித்து அதைச் சுற்றி இத்தனை சாரம் எதற்கு? அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கதைக்கு மறுபடி வருகிறேன். காலத்தைக் கணிக்க எனக்குக் கைகொடுக்கும் அடையாளங்கள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். டிராம் ஓடினால் படம் 1953 ஏப்ரலுக்கு முந்தையது. மின்சார டிராம் இங்கே ஓடத் தொடங்கியது 1895-இல். மவுண்ட் ரோட்டில் கர்னல் நீல் சிலை நின்றால் 1937-க்கு முன். 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கியவரின் சிலை அது. 1927-இல் அதற்கு எதிராகப் பெரும் போராட்டம் நடந்தது, பத்து ஆண்டு கழித்து ராஜாஜி அமைச்சரவை அதை அகற்றியது. பஸ்ஸில் 'பல்லவன்' என்று எழுதியிருந்தால் 1972 அல்லது அதற்குப் பின். ஜெமினி சந்திப்பில் மேம்பாலம் இல்லையென்றால் 1973-க்கு முன். வண்டி எண் 'டி.என்.' என்று தொடங்கி, அடுத்து மாவட்ட அலுவலக எண் வந்தால் 1989-க்குப் பின். மெரினாவில் கண்ணகி இல்லாத படம் மட்டும் ஏமாற்றிவிடும்: அது 1968-க்கு முந்தையதாகவும் இருக்கலாம், சிலை இடம் பெயர்ந்திருந்த 2001-க்கும் 2006-க்கும் இடைப்பட்டதாகவும் இருக்கலாம்.

சென்ட்ரல் பக்கத்துப் படங்களில் நான் தேடுவது மூர் மார்க்கெட்டை. 1985-இல் அது எரிந்தபோது நான் பள்ளி மாணவன். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பழைய புத்தகம் வாங்கப் போன இடம். அதன் செங்கல் வளைவுகள் ஒரு படத்தின் மூலையில் தலைகாட்டினாலும் எனக்கு அன்று வேறு வேலை ஓடாது.

நம்பக் கூடாதவையும் உண்டு. 1850-களின் தொடக்கத்தில் ஃபிரெடரிக் ஃபீபிக் எடுத்த சென்னைப் படங்களில் வண்ணம் இருக்கும். அது தூரிகையால் பூசியது, சுவர் உண்மையிலேயே அந்த நிறம்தான் என்பதற்குச் சான்று ஆகாது. அந்தக் காலத் தெருக்கள் வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்து ஊரில் ஆளே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். ஒளி பதிய அன்று அதிக நேரம் பிடித்தது. நடந்து போனவர்கள் பதியாமலே போய்விட்டார்கள். இடம் வலமாகத் திரும்பிப் பதிந்த படங்களும் உலவுகின்றன. பெயர்ப் பலகை எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று என்னை உண்மையிலேயே வருத்துகிறது. கடற்கரைச் சாலை, கோட்டை, மவுண்ட் ரோடு ஆகிய இடங்களுக்குப் படங்கள் ஏராளம். வீலே அண்ட் கிளைன் போன்ற ஐரோப்பிய ஸ்டூடியோக்கள் விற்ற அஞ்சலட்டைகளே நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பங்கு. வியாசர்பாடியையோ ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பெரம்பூர்ச் சந்துகளையோ தேடிப் பாருங்கள், அரிதாகத்தான் கிடைக்கும். வாங்க ஆள் இருந்த காட்சிகளைத்தான் எடுத்திருக்கிறார்கள். அதனால் பிரிட்டிஷ் நூலகத்தின் இணையத் தொகுப்பையும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் பாருங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் ஆல்பத்தை இறக்குங்கள். அந்தச் சந்துகள் இருந்தால் அங்கேதான் இருக்கும், யாரோ ஒரு குழந்தைக்குப் பின்னால்.

அப்பா மறுநாள் காலையில்தான் பேசினார். படத்தின் அடியில், அவர் காலடிக்கு முன், ஒரு நிழல் நீண்டு கிடக்கிறது: குனிந்த தலை, மடக்கிய இரண்டு முழங்கைகள். பெட்டி கேமராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்து எடுப்பவரின் நிழல். "நண்பனிடம் கேமரா இருந்ததே இல்லை" என்றார். "அண்ணனிடம்தான் இருந்தது, இரவல் வாங்கியது." பெரியப்பா 1960-இல் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். அதற்கு முன் ஒரு கோடை விடுமுறையில், மதுராந்தகத்திலிருந்து தம்பியை ரயிலில் அழைத்து வந்து, கட்டிக்கொண்டிருந்த அந்த உயரமான கட்டடத்தைக் காட்டியிருக்கிறார். எத்தனை தளம் என்று இருவரும் எண்ணினார்களாம். முதல் சம்பள நாளில் எடுத்த படம் வேறு. அது எப்போதோ தொலைந்துபோய், கதை மட்டும் இந்தப் படத்தில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய படத்தின் பின்புறம் பேனாவால் எழுதாதீர்கள், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மெல்லிய பென்சில் போதும். அப்பா அப்படித்தான் எழுதினார்: "ரவுண்டானா, 1959-க்கு முன். நிழல்: அண்ணன்."