சாக்கு விஷயமும் மூணாறு தலைப்பும்

ஐயா,

நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், "சார் வணக்கம். தொந்தரவுக்கு மன்னிக்கவும். சாக்கு விஷயமா ஒண்ணு சொல்லணும். நேரம் இருந்தா பாருங்க சார்" என்று போட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. லோடு ஏற்றும் அன்று சாக்கு பத்தவில்லை. "முன்னாடியே ஏம்மா சொல்லல?" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். நேரடியாகக் கேட்டால், மூத்தவரை அதிகாரம் செய்வதுபோல் ஆகிவிடாதா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லார் முன்னாலும் திட்டியது தப்பு. ஆனால் நீங்கள் சொல்லவில்லை என்று அவர் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. உங்கள் மெசேஜில் வணக்கம் இருக்கிறது, மன்னிப்பு இருக்கிறது. எத்தனை சாக்கு குறைகிறது, என்றைக்கு வேண்டும் என்பது இல்லை.

நம் மொழியில் மரியாதை வினையிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. "சொல்லுங்க" என்பதில் இருக்கும் அந்த "ங்க" போதும். அதற்காக விஷயத்தை மறைத்து வைக்க வேண்டாம். இப்படி எழுதியிருக்கலாம்: "வணக்கம் சார். சாக்கு 200தான் இருக்கு. வியாழக்கிழமை காலை லோடுக்கு 500 வேணும். மீதி 300 வாங்கலாமான்னு இன்னைக்கு 4 மணிக்குள்ள சொல்லுங்க சார்." இதில் அதிகாரம் எங்கே இருக்கிறது? அவருக்கு வேலை சுலபமாகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நின்றுவிடும். நேரில் பேசும்போது யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பது தெரியும். மெசேஜில் அந்தப் பார்வை கிடையாது. சில வருஷங்களுக்கு முன் நான் ஒரு நெல் வியாபாரியிடம் வேலை பார்த்தேன். சம்பா அறுவடை நேரம். "மழை வர்ற மாதிரி இருக்கு, களத்துக் குவியலுக்குத் தார்ப்பாய் போடணும்" என்று குழுவில் எழுதினேன். மூன்று பேர் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவர் போடுவார் என்று இருந்துவிட்டார்கள். ராத்திரி முழுக்க மழை, மறுநாளும் விடவில்லை. மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை விட்டேன். உள்ளே சூடு. அள்ளிப் பார்த்தால் நெல்மணி நுனியில் வெள்ளையாக முளை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினாலே யோசிப்பார்கள். முளைத்த நெல்லை யார் வாங்குவார்? "போடணும்" என்று எழுதியவன் நான். யார் போடணும் என்று எழுதவில்லை. அந்தச் சூடு இன்னும் கையில் இருக்கிறது.

உங்கள் ஊர் மூணாறு தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரிகிறது. ஷட்டர் திறக்கிறவரிடம் "கொஞ்சம் தண்ணி விடணும்" என்று மட்டும் சொன்னால் அவர் எந்த ஆற்றில் விடுவார்? எந்த ஆறு, எத்தனை கன அடி, எப்போதிலிருந்து என்று சொன்னால்தான் கடைமடையில் நாற்றங்காலோடு காத்திருப்பவருக்குத் தண்ணீர் போய்ச் சேரும். குழுவில் எழுதும்போதும் ஒருவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், அவசரம் என்றால் மெசேஜ் போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருக்காதீர்கள். போன் பண்ணுங்கள். பேசி முடித்ததும், "சார், 300 சாக்கு வாங்கச் சொன்னீங்க, நாளைக்குக் காலைல வந்துடும்" என்று ஒரு வரி போட்டுவையுங்கள். அடுத்த லோடு எப்படிப் போனது என்று எனக்கும் எழுதுங்கள்.